எமிலி டிக்கின்சனோட வீட்டு வாழ்க்கையைப் பத்தி எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காலேஜ் பிள்ளைங்க எழுதின சில கட்டுரைங்க திருத்துறதுக்கு வந்துச்சு, எல்லாமே 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைப் பத்தி, படிக்கப் படிக்க பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினதையே திரும்பப் படிக்கிற மாதிரி இருந்துச்சு. தேதி தப்பு, பேர்ல எழுத்துப்பிழை எல்லாம் யாரும் பார்த்துத் திருத்திடுவாங்க, அதை விடுங்க.

அடுப்படியை மறந்துடறது

இதைப் பார்த்தா எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வருது. வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு, மாடி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, கவிதை மட்டும் எழுதினாங்க, அவ்வளவுதான் கட்டுரை. நானும் அப்படியே எழுதி ஒரு சின்னப் பத்திரிகையில அச்சாச்சு, நான் தப்பை உணர்றதுக்குள்ள ரெண்டு பேர் அதை மேற்கோள் காட்டிட்டாங்க, இனி எங்க போய்த் திருத்துறது?

அமெரிக்காவுல ஆம்ஹெர்ஸ்ட்ங்கிற ஊர்ல இருந்த அவங்க வீட்டுல ரொட்டி சுட்டது எமிலிதான். அப்பா எட்வர்டுக்கு அவங்க சுட்ட ரொட்டிதான் இறங்கும், 1870ல பார்க்க வந்த ஹிக்கின்சன்கிட்ட (அவங்க கடிதம் எழுதிப் பழகின எழுத்தாளர்) அவங்களே சொன்ன விஷயம் இது. 1856ல ஊர்க் கண்காட்சியில ரை மாவும் சோள மாவும் கலந்து சுட்ட ரொட்டிக்கு ரெண்டாவது பரிசு வாங்கியிருக்காங்க. அவங்க எழுதிக் கொடுத்த பிளாக் கேக் ரெசிபியில மாவு, சர்க்கரை, வெண்ணெய் தலா 2 பவுண்ட், உலர்திராட்சை 5 பவுண்ட், முட்டை 19. நான் அதுல கால் பங்குக்கு செஞ்சு பார்த்தேன், மிக்ஸர் இல்லாம மரக்கரண்டியால கிண்டினேன், திராட்சை விழ விழ மாவு கரண்டியை இறுக்கிப் பிடிச்சுக்குது, தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது. தேங்காய் கேக் ரெசிபி எழுதின காகிதத்தோட பின்பக்கத்துல ஒரு கவிதை இருக்குன்னா, அது எந்த இடத்துல நின்னு எழுதினதா இருக்கும்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

அடுத்து, வேலைக்காரங்களை விட்டுடறாங்க. 1865 கடைசியில, வீட்டுல வேலை பார்த்த மார்கரெட் ஓ'பிரையன் கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க. ஆய்வாளர்கள் கணக்குப்படி 1865ல கவிதை 229, 1866ல வெறும் 10. அந்த ஜனவரியில அவங்க ஆசை நாய் கார்லோவும் செத்துப்போச்சு, கண்ணுக்கு வைத்தியம் பார்த்துட்டு வந்த சமயமும் அதுதான், அதனால வேலைக்காரம்மா போனது மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஆள் இல்லாத வீட்டுல எழுத நேரம் எங்கிருந்து வரும்னு கேக்காம அந்த 10ஐப் பத்தி எழுதவே கூடாது. 1869ல அயர்லாந்துல பிறந்த மார்கரெட் மஹேர் வேலைக்கு வந்து, எமிலி சாகுற வரைக்கும் அங்கேயே இருந்தாங்க.

போட்டோ

16, 17 வயசுல எடுத்தது ஒண்ணுதான் உறுதியானது, அதை 50 வயசுக் கவிதைக்குப் பக்கத்துல போடாதீங்க.

வெள்ளை கவுன்

துறவு, மணப்பெண்ணுன்னு எல்லாம் போயிடாதீங்க. இன்னிக்கு மிஞ்சியிருக்கிறது ஒரு பருத்தி கவுன், வீட்டுல புழங்குற உடுப்பு, பாக்கெட் கூட இருக்கு.

"யார்கூடவும் பழகல"

ஆளை நேர்ல பார்க்கிறதைக் குறைச்சுக்கிட்டாங்க, உண்மைதான். ஆனா நமக்குக் கிடைச்ச கடிதமே ஆயிரத்துக்கு மேல, புல்வெளியைத் தாண்டி அடுத்த வீட்டுல இருந்த அண்ணி சூசனுக்கு அனுப்பின கவிதை மட்டும் 250க்கு மேல. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கு ஜன்னல்லேர்ந்து கயிறு கட்டின கூடையில ஜிஞ்சர்பிரெட் இறக்குவாங்க. 1875ல அம்மா பக்கவாதத்துல விழுந்தாங்க, 1882ல இறக்குற வரைக்கும் எமிலியும் தங்கச்சி லவினியாவும்தான் பார்த்துக்கிட்டாங்க. அந்த ஏழு வருஷத்தை "தனிமை"னு ஒரே வார்த்தையில தாண்டிப் போறவங்களை என்னால பொறுத்துக்க முடியல.

கவிதையில வர்ற "நான்"

அது நான் இல்லன்னு அவங்களே 1862ல ஹிக்கின்சனுக்கு எழுதிட்டாங்க.

சாவுக்காட்சி

1886 மே மாசம். பெரிய மனுஷங்க தூக்கிட்டுப் போன மாதிரி எழுதாதீங்க. எமிலி கேட்டுக்கிட்டபடி, அந்த வீட்டுல வேலை பார்த்த ஆறு ஐரிஷ்காரங்கதான் சவப்பெட்டியைத் தோள்ல வச்சு, பின்வாசல்லேர்ந்து வயல் பக்கமா இடுகாட்டுக்குக் கொண்டுபோனாங்க. கவிதைங்கள்ல ஒரு பகுதி அப்போ மார்கரெட் மஹேரோட டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்துச்சு.