கை கால் அசையவில்லையா? தசையை மட்டும் பார்க்காதீர்கள்

கையைத் தூக்க முடியவில்லை என்றதும் தோளைத் தேய்த்துவிடத் தொடங்குகிறோம். மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, தண்டுவடம் வழியாக இறங்கி, அங்குள்ள இயக்க நரம்பணுவை, அதாவது தசையை இயக்கும் நரம்புச் செல்லை, எட்ட வேண்டும். அதிலிருந்து தசைக்குப் போகும் நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரந்தால்தான் தசை சுருங்கும். இந்த வழியில் எந்த இடத்தில் தடைபட்டாலும் கை அசையாது. தடை எங்கே என்று பார்க்காமல் வைத்தியத்தில் இறங்குவதுதான் தவறுகளில் முதன்மையானது.

திடீரென வாய் ஒரு பக்கம் கோணினால், முகவாதமாகத்தான் இருக்கும், தானே சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடிவது வழக்கம். முக நரம்பே பாதிக்கப்படும் முகவாதத்தில் நெற்றியும் அசையாது, கண்ணையும் சரியாக மூட முடியாது. ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். இரத்தக் கட்டி அடைத்து வந்த பக்கவாதம் என்றால், அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சோதித்துப் பார்க்கும் நேரத்தில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பக்கவாதம் வந்து சில வாரங்களில் துவண்டு கிடந்த கை விறைக்க ஆரம்பிக்கும். வீட்டார் பலம் திரும்பிவிட்டதாக மகிழ்வார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறான புரிதல் இது. தசையை இழுத்தால் அது உடனே சுருங்குவது தண்டுவடத்தின் இயல்பு. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது கால் உதைப்பதும் இதனால்தான். அந்த வேகத்தை மூளை அடக்கியே வைத்திருக்கிறது. மூளையின் பிடி தளர்ந்தால் தசை எப்போதும் இறுகியே நிற்கும். அந்த விறைப்பு பலம் அல்ல. மடங்கிய விரல்களை வெடுக்கென்று நிமிர்த்தினால் இன்னும் இறுகும். மெதுவாக, நிதானமாக நீட்டினால் இளகிக் கொடுக்கும். இதை இயன்முறை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தசைக்குப் போகும் நரம்பே அறுபட்டால் நிலைமை நேர்மாறு: தசை துவளும், தட்டினாலும் உதைக்காது, நாளடைவில் மெலியும்.

கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுவதையும் விட்டுவிடுங்கள். எப்போது நடுங்குகிறது என்று கவனியுங்கள். மடியில் சும்மா வைத்திருக்கும் கை நடுங்குவது பார்க்கின்சன் நோயில் அதிகம். எட்டி எடுக்கப் போகையில், பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் கூடினால் சிறுமூளையைப் பரிசோதிக்க வேண்டும்.

உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பருக்கவில்லை என்று நிறுத்துபவர்களும் உண்டு. அப்போது கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளிலிருந்து வருவது. தசை பருக்க இன்னும் நாளாகும்.

காலையில் நன்றாக இருந்து, மாலையில் இமை தொங்கினால், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், களைப்பு என்று ஒதுக்காதீர்கள். மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் உடலின் சொந்த எதிர்ப்புப் பொருள்களே தசையில் அசிட்டைல்கோலின் வந்து சேரும் இடங்களான ஏற்பிகளைத் தாக்கும். தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்வு கூடும், ஓய்வில் தெளியும். இந்த நோய் இருப்பவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவீனத்தைக் கூட்டி மூச்சுவிடும் தசைகளையே பாதிக்கக்கூடும்.