பதவியை இறக்கி, சம்பளத்தையும் வெட்டினால்

மலேசியாவின் கிள்ளானில் தொழிற்சங்கப் பொறுப்பில் இருக்கிறேன். "அண்ணே, சூப்பர்வைசரா இருந்தவன ஆப்பரேட்டரா போட்டுட்டாங்க, சம்பளமும் குறைஞ்சிருச்சு" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போடாதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளத்தைக் குறைப்பது ஒப்பந்த மீறல்.

உடனே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இதை நான் ஏற்கவில்லை, பழைய பதவியும் சம்பளமும் வேண்டும்." கேன்டீனில் புலம்பினால் ஆதாரம் ஆகாது. வேலை நியமனக் கடிதம், பழைய, புதிய சம்பளச் சீட்டுகள் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

நிறுவனம் மசியவில்லையா? அதன் மீறலால்தான் போகிறேன் என்று எழுதிக்கொடுத்து விலகலாம். மீறல் ஒப்பந்தத்தின் அடிப்படையையே உடைப்பதாக இருந்தால், அது மறைமுக வேலைநீக்கம்; அதாவது, நீங்களே விலகினாலும் முதலாளி உங்களை நீக்கியதாகத்தான் கணக்கு. 1988 வோங் சீ ஹோங் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். "சொந்தக் காரணம்" என்று ராஜினாமா எழுதிவிட்டு என்னிடம் வராதீர்கள். மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாலும் ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த வேலை கையில் இல்லாதவர்களை விலகச் சொல்ல எனக்கு மனசு வராது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் எதிர்ப்பை எழுத்தில் பதிந்துவிட்டு, வெட்டப்பட்ட சம்பளத்துக்காகத் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

விலகியவர்கள் 60 நாளுக்குள், 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுத்தாக வேண்டும்.