மாத்திரை வாங்கிக் கொடுத்தாச்சு, அப்புறம்?

சென்னை வியாசர்பாடியில் ஒரு வீடு. மகனுக்கு இருபத்தாறு வயது, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). மாத்திரையை நீட்டினாலே தட்டிவிடுவான். அவன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி ரசத்தில் கலந்துவிடுவார். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளையாகப் பொடி தங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று வேளையும் அம்மா உணவகம்தான்.

'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்பதுதான் அந்த நோய் அவன் காதில் ஓதிக்கொண்டிருந்த கதை. அதை நாமே நிஜமாக்கிக் கொடுத்துவிட்டோம். நாமே என்கிறேன், ஏனென்றால் தன்னார்வலராக அந்த வீட்டுக்குப் போய்வந்த எனக்கும் விஷயம் தெரியும். வேறு வழி தோன்றாமல் பேசாமல் இருந்தேன். ஒளித்துக் கொடுக்காதீர்கள் என்று இன்று நான் சொல்வது அந்த ரசத்தை நினைத்துத்தான்.

மருந்து ஏன் வேண்டாம் என்று அவனிடம் நான் கேட்டதே அதற்கப்புறம்தான். "உட்கார முடியலண்ணே, காலு நிக்கவே மாட்டேங்குது" என்றான். அவன் ஓயாமல் நடப்பதைப் பார்த்து வீட்டில் 'முத்திப்போச்சு' என்று பயந்துபோயிருந்தார்கள். உண்மையில் அது இந்த மருந்துகள் சிலருக்குத் தரும் பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். கை நடுக்கம், வாயில் எச்சில் வழிவது, எடை கூடுவது எல்லாமே சொல்ல வேண்டியவைதான். எடை கூடினால் சர்க்கரையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தினமும் மாத்திரை போடுவது பிடிக்காதவர்களுக்கு இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்தது, 'இப்ப நல்லாத்தானே இருக்கான்' என்று நிறுத்துவது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆகாது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்துத்தான் நோய் திரும்பும். அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான், ஆனால் வாங்கப் போகும் அன்றைக்குக் கூலி போய்விடும். 'ஏன் போன மாசம் வரல?' என்று அதட்டும் களப்பணியாளர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். மாத்திரை தீரும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தால் அதட்டலைவிட வேலை செய்கிறது.

சென்னையில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று சொல்லிச் சொல்லியே ஒரு அரசு மனநல மருத்துவமனையை வசவாக்கி வைத்திருக்கிறோம். 1871-லிருந்து அங்கே இயங்கிவரும் இடம் அது. அந்தப் பெயருக்குப் பயந்தே வருஷக்கணக்கில் வைத்தியம் பார்க்காத குடும்பங்கள் இருக்கின்றன. ஸ்டான்லியிலும் ஜிஹெச்சிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

'ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்.' ஆகாது. வருகிற பெண்ணிடம் மறைத்தால், அவள் கண்ணில் படக் கூடாது என்று மருந்தும் நின்றுவிடும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போகாதே என்று சண்டை போடுவதையும் நான் தவறு என்றே சொல்வேன். குடும்பம் நம்மிடம் சொல்லாமல் போகும், அவ்வளவுதான். மருந்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். விட்டுக்கொடுக்கக் கூடாத இடம், நோயாளியைக் கட்டிப்போடும் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்திருக்கிறது.

மனநல மருத்துவர்கள் குறைவாக இருக்கும் நாட்டில் வீடு தேடிப் போக யார் இருக்கிறார்கள்? உள்ளூர் ஆட்களையே பயிற்சி கொடுத்து அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2014-ல் 'லான்செட்' இதழில் வந்தது. கோவா, சதாராவோடு நம் காஞ்சிபுரம் பக்கமும் அதில் சேர்த்தி. இங்கே அதை நடத்தியது ஸ்கார்ஃப் என்ற சென்னை மனநலத் தொண்டு நிறுவனம். மூன்று இடத்திலும் சேர்த்து 282 பேர், ஓராண்டு. மருத்துவமனை வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட, வீட்டுக்கே ஆள் போனவர்களுக்கு அறிகுறிகளும் முடக்கமும் கூடுதலாகக் குறைந்தன, ஆனால் ஓரளவுக்குத்தான். அந்த 'ஓரளவை' மறைத்து, ஆள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் போகும்போதும் நோயாளியைப் பற்றியே விசாரித்துவிட்டு வருகிறோம். அந்த வியாசர்பாடி வீட்டில் வாசல் வரை வந்த பிறகு ஒரு நாள், அவன் அம்மாவிடம் "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்றேன். "ரெண்டு வருஷமாச்சு தம்பி" என்றார்.

மருந்தை மாற்றிய பிறகு மகனுக்குக் கால் ஓட்டம் நின்றது. இப்போது தன் கையால் எடுத்துத்தான் மாத்திரை போடுகிறான். சாப்பாடும் வீட்டில்தான். ரசத்தை மட்டும் அவனே பாத்திரத்திலிருந்து ஊற்றிக்கொள்கிறான்.