வேலூர்ப் பக்கம் டிஜே ஆகணுமா? மைக்செட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

டிஜே ஆகணும் என்று கேட்கிற பசங்க பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது பெங்களூர் பப்பைத்தான். காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று நம்ம பக்கம் பிழைப்பு இருக்கும் இடம் வேறு: கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, டிசம்பர் 31 ராத்திரி ஹோட்டல் நிகழ்ச்சி. இந்த நாலு இடத்துக்கும் தயாரானால் வேலைக்குப் பஞ்சமில்லை. இதை விட்டுவிட்டு நெட்டில் பார்த்த டெக்னோ செட்டை அப்படியே காப்பியடித்து வைத்திருந்தால், நல்லாவே வாசிப்பீர்கள், ஆனால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் என் முதல் யோசனை, கன்ட்ரோலர் (லேப்டாப்போடு இணைத்துப் பாட்டைக் கலக்குகிற பெட்டி) வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஏரியாவில் நல்ல பெயர் இருக்கிற சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் ஒரு முகூர்த்த சீசன் கூடவே போங்கள். கூலி குறைவுதான், சில நாள் சாப்பாடும் பஸ் காசும்தான் மிஞ்சும். ஆனால் பேஸ் பின்னை (கனத்த சவுண்டுக்கான ஸ்பீக்கர் பெட்டி) எங்கே வைத்தால் மண்டபம் அதிரும், எங்கே வைத்தால் முதல் வரிசைத் தாத்தா காதைப் பொத்துவார் என்று எந்த அகாடமியும் இவ்வளவு சீக்கிரம் சொல்லித்தராது. ஆன் பண்ணும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். ஆஃப் பண்ணும்போது ஆம்ப் முதலில். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறப்போகிறார்கள் என்று தெரிந்தால் மாஸ்டர் வால்யூமை உடனே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் 'டொம்' என்று ஒரு அடி விழுந்து ஸ்பீக்கர் போய்விடும். இதெல்லாம் அங்கே தானாகக் கைக்கு வரும். அதைவிட முக்கியம், பின்னால் உங்களுக்கு வேலை கொடுக்கப் போகிறவரும் பெரும்பாலும் அந்த மைக்செட் அண்ணன்தான். பார்ட்டிக்காரர் "டிஜே யாராவது இருக்காங்களா?" என்று முதலில் கேட்பது அவரிடம்.

வீட்டில் பழக ஒரு சாதாரண லேப்டாப்பும் காதை முழுசாக மூடுகிற ஹெட்ஃபோனும் போதும். மிக்ஸ்எக்ஸ் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், கீபோர்டை வைத்தே இரண்டு பாட்டைச் சேர்த்துப் பார்க்கலாம். கை பழகி, இது நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்த பிறகு பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி இரண்டு சேனல் கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள், ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற டிஜே மென்பொருள் இரண்டிலும் ஓடும். செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில் போய் எல்லா ஃபேடரையும் (சவுண்டை ஏற்றி இறக்கத் தள்ளுகிற பட்டன்) தள்ளிப் பார்த்து, ஜாக் வீல் என்கிற வட்டத் தட்டைத் திருப்பி, ஹெட்ஃபோன் ஓட்டையை ஆட்டிப் பார்த்துத்தான் காசு கொடுக்கணும். ஸ்பீக்கர், லேசர் லைட், புகை மெஷின் எதுவும் இப்போது வேண்டாம். அது வேறு தொழில், வண்டியும் குடோனும் நாலு ஆளும் கேட்கும்.

ஆனால் ஒரு சின்ன வயர் பை கட்டாயம். உங்கள் கன்ட்ரோலரில் பின்பக்கம் ஆர்சிஏ இருக்கும், மைக்செட் மிக்சரில் பி-38 (கால் இன்ச் பின்) இல்லாவிட்டால் எக்ஸ்எல்ஆர் (மைக்கில் வருகிற மூணு பின்) கேட்பார்கள், இரண்டுக்கும் மாற்றுகிற வயர் உங்களிடம் இருக்கணும். ஸ்பீக்கரில் 'ஊம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை, நடுவில் ஒரு ஐசோலேட்டர் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது பாட்டு. இங்கேதான் வெளியூர் வீடியோ பாடங்கள் நம்மைக் கைவிடும். அவர்கள் சொல்லிக்கொடுப்பது 120, 128 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு) நேராக ஓடும் நாலு-நாலு தாளத்துக்கு. நம்ம டப்பாங்குத்துப் பாட்டில் நிறைய ஆறு-எட்டு தாளம். இதை ஒரு நாலு-நாலு பாட்டின் மேல் சின்க் பட்டனை (இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாக ஒன்றாக்குவது) நம்பி ஏற்றினால் இரண்டு ஊர்ப் பம்பைக்காரர்கள் ஒரே தெருவில் மோதிக்கொள்வது மாதிரி இருக்கும். மென்பொருளும் இந்தப் பாட்டுகளைத் தப்பாகப் படிக்கும், 100 ஓடுகிற பாட்டை 150 என்று காட்டும். கையால் தட்டித் தட்டி டெம்போவை நீங்களே திருத்தி வையுங்கள். எண்பதுகளின் பாட்டு என்றால் இன்னொரு சிக்கல். அப்போது பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பதிவு பண்ணினார்கள், மெஷின் தாளம் கிடையாது, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். ரெக்கார்ட்பாக்ஸில் அனலைஸ் பண்ணும்போது 'டைனமிக்' முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்தோடு தாளக் கட்டம் போட்டுத்தரும், அதன் பிறகும் காதால் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

சரி, தாளம் மாறுகிற இடத்தில் எப்படித் தாண்டுவது? நீளமாகக் கலக்க முயற்சி பண்ணாதீர்கள். பல்லவி முடிகிற இடத்தில் எக்கோ போட்டு விட்டுவிட்டு, அடுத்த பாட்டின் தவில் அல்லது பறை மட்டும் அடிக்கிற ஆரம்பத்தில் இறங்கினால் போதும். அந்த ஒரு நொடி இடைவெளியில் கூட்டமே கத்தி நிரப்பிவிடும். ஒவ்வொரு பாட்டிலும் ஜனங்கள் ஆடுகிற இடம் எது என்று கண்டுபிடித்து ஹாட் க்யூ (தட்டினால் அந்த இடத்துக்கே தாவுகிற குறி) வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷ முன்னிசையை மண்டபத்தில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டுகளை 320 கேபிபிஎஸ் தரத்தில் சேருங்கள். யூடியூபிலிருந்து உருவிய ஃபைல் இயர்ஃபோனில் நன்றாக இருக்கும், 18 இன்ச் பேஸில் போட்டால் குடல் இல்லாத மாதிரி ஒலிக்கும். எல்லாம் லேப்டாப்பிலேயே இருக்கணும், மண்டபத்தில் சிக்னல் கிடைக்கும் என்று ஸ்ட்ரீமிங்கை நம்பிப் போகாதீர்கள். தமிழ் மட்டும் போதாது. சித்தூர் எல்லை பக்கத்தில் இருப்பதால் காட்பாடி, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுகிற வீட்டுக் கல்யாணம் நிறைய வரும், ஒரு முழு தெலுங்கு ஃபோல்டர் வையுங்கள். விஐடி பல்கலைக்கழகப் பசங்களுக்கு இந்தி, பஞ்சாபி, மலையாளம் என்று எல்லாம் வேண்டும்.

ரிசப்ஷன் ராத்திரி எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆறரை என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள், பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர ஏழரை ஆகும். என்ட்ரி பாட்டு மட்டும் சொதப்பக் கூடாது: எந்த வினாடியில் கதவு திறக்கிறது என்று கேமராக்காரரிடம் முன்பே பேசி, அந்த ஃபைலைப் பென்டிரைவிலும் இன்னொரு போனிலும் வைத்திருங்கள். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் பரிசு கொடுக்கிற வரிசை, போட்டோ, பந்தி. இந்த நேரத்தில் குத்துப் பாட்டை அலற விட்டால் கல்யாண வீட்டார் ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்வார்கள். மெலடி, இடைக்காலப் பாட்டு, பேச்சுக் காதில் விழுகிற அளவு சவுண்ட். ஒன்பது மணிக்கு மேல் போட்டோ வரிசை குறையும், மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் மேடைக்குக் கீழே சேருவார்கள். உங்கள் உண்மையான ஷோ அந்த முக்கால் மணி நேரம்தான். நடுவில் ஒரு சித்தப்பா வந்து, "இன்னா தம்பி, நம்ம காலத்துப் பாட்டு ஒண்ணு போடேன்" என்பார். போடுங்கள். அவர் ஆட இறங்கினால் பின்னாடியே பத்துப் பொம்பளைகள் இறங்குவார்கள், பசங்க மட்டும் ஆடுகிற இடம் குடும்பமே ஆடுகிற இடமாக மாறிவிடும். அடுத்த புக்கிங் அங்கிருந்துதான் வரும்.

முக்கால் மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் பத்து மணி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி போடக்கூடாது, சத்தம் வெளியே போகாத மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. மருத்துவமனை, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். வேலூர் டவுனுக்குள் ஆஸ்பத்திரி எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தெருவில் போடுவதாக இருந்தால் ஸ்டேஷன் அனுமதிக் கடிதம் யார் வாங்கினார்கள் என்று கேட்டு, போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸைவிடப் பெரிய தலைவலி சாதிப் பாட்டு. தண்ணி போட்ட நாலு பேர் வந்து குறிப்பிட்ட பாட்டைக் கேட்பார்கள், போட்டால் எதிர் வரிசையில் நாற்காலி பறக்கும். ஊர்த் திருவிழாவில் இது இன்னும் மோசம். அட்வான்ஸ் வாங்கும்போதே "சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு போட மாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். அந்தப் பாட்டுகளை லேப்டாப்பிலேயே வைக்காதீர்கள், "இல்லண்ணா" என்று சொல்லும்போது உண்மையாகவே இல்லாமல் இருக்கட்டும். திருவிழாவில் சாமி வந்து பம்பை, உடுக்கை ஆரம்பித்தால் உங்கள் ஃபேடர் கீழே போகணும், யாரும் சொல்லக் காத்திருக்க வேண்டாம்.

காசு விஷயம் சுருக்கமாக. பாதி அட்வான்ஸ், மீதி பொண்ணு மாப்பிள்ளை என்ட்ரிக்கு முன்னால். ராத்திரி பதினொரு மணிக்கு மண்டபத்தில் பணப்பை வைத்திருக்கிற மாமாவைத் தேடிப் பாருங்கள், ஏன் என்று புரியும். வருஷத்தைத் தினசரி காலண்டரை வைத்துத் திட்டமிடுங்கள்: தை, வைகாசி, ஆவணி நிறையும், ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழா வரும், மார்கழியில் நியூ இயர் தவிர ஒன்றுமில்லை. முதல் இரண்டு வருஷம் இன்னொரு வேலையை விடாதீர்கள். லைசென்ஸ் பற்றிக் கேட்டால், கல்யாணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஹோட்டல் டிக்கெட் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது, அங்கே லைசென்ஸை ஏற்பாட்டாளர் எடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காதையும் பாருங்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது கணக்கு. இயர்பிளக் சில நூறு ரூபாய்தான்.

இதையெல்லாம் ஒரு வருஷம் ஓட்டிய பிறகு கல்லூரிப் பக்கம் போங்கள். விஐடியின் ஆண்டு விழாவான ரிவியெரா மேடைக்குப் பெரிய பெயர்களைத்தான் கூப்பிடுவார்கள், ஆனால் டிபார்ட்மென்ட் விழா, ஃப்ரெஷர்ஸ் டே, ஃபேர்வெல் என்று சின்னது நிறைய நடக்கும், மாணவர் குழுவில் ஒருவரைத் தெரிந்தால் போதும். அங்கே சிடிஜே (பென்டிரைவைச் செருகி வாசிக்கிற டிஜே பிளேயர்) வைத்திருந்தால் பென்டிரைவை ஃபேட்32-வில் ஃபார்மட் பண்ணி, ரெக்கார்ட்பாக்ஸிலிருந்து எக்ஸ்போர்ட் பண்ணிய இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அப்புறம் சென்னை, பெங்களூர் கிளப். காட்பாடி ஜங்ஷன் இருக்கிறவனுக்கு இரண்டு ஊருக்கும் ரயில் பிரச்சினை இல்லை. அரை மணி நேர மிக்ஸ் ஒன்று ரெக்கார்ட் பண்ணி லிங்க் அனுப்புங்கள், முதலில் கொடுப்பது ஆள் வராத ஒன்பது மணி ஸ்லாட்தான். அதில் ஹிட் பாட்டை எல்லாம் கொட்டித் தீர்த்துவிடாதீர்கள், மெதுவாக 110-லிருந்து ஏற்றி, அடுத்து வரும் டிஜே எந்த பிபிஎம்மில் தொடங்குவார் என்று கேட்டு அங்கே கொண்டுபோய் விடுங்கள்.