ஈயூஎஸ் எலாஸ்டோகிராபி: நீலம் தெரிஞ்ச உடனே கேன்சர்னு எழுதிடாதீங்க

கழுத்துல ஒரு கட்டின்னா விரல வச்சு அமுக்கிப் பாத்துடலாம், கல்லு மாதிரி இருக்கா, மெத்துனு இருக்கான்னு. கணையம் வயித்துக்குப் பின்னாடி முதுகெலும்ப ஒட்டிப் படுத்திருக்கு, அங்க விரல் போகாது. அந்த விரலோட வேலையத்தான் ஈயூஎஸ்ல, அதாவது வாய் வழியா ஸ்கோப் விட்டு உள்ளேந்து எடுக்கிற அல்ட்ராசவுண்ட்ல, எலாஸ்டோகிராபி செய்யுது. ரத்தக்குழாய் துடிக்கிறப்ப திசு கொஞ்சம் நசுங்கும்ல, மெத்துனு இருக்கிறது நிறைய நசுங்கும், கெட்டியா இருக்கிறது அவ்வளவா நசுங்காது, இந்த வித்தியாசத்த மெஷின் கலரா காட்டுது. ஈயூஎஸ் கத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்காக நான் செய்ற முறைய அப்படியே சொல்றேன்.

முதல்ல சாதா பி-மோட்ல (கருப்பு வெள்ளை படத்துல) கணையம் முழுசையும் பாத்து முடிங்க. லீஷன் (சந்தேகப்படுற கட்டி) சைஸ், கால்சிபிகேஷன் (கால்சியம் படிவு), டக்ட் (கணைய நீர்க்குழாய்) வீங்கியிருக்கா, ரத்தக்குழாய ஒட்டியிருக்கா, எல்லாம் பாத்தப்புறம்தான் எலாஸ்டோ பட்டன். சில பேரு ஸ்கோப் உள்ள போன உடனே கலர் போட்டுடுறாங்க, அப்புறம் கண்ணு கலர விட்டு நகராது, பக்கத்துல இருக்கிற சின்ன நிணநீர் நோட் மிஸ் ஆகும்.

அடுத்து பாக்ஸ், அதாவது எங்க கலர் வரணும்னு படத்து மேல போடுற கட்டம். பாதி தப்பு இங்கதான் நடக்குது. ஸ்ட்ரெயின் எலாஸ்டோகிராபில வர்ற கலர் ஒரு ஒப்பீடுதான், பாக்ஸுக்குள்ள இருக்கிறதுல எது கெட்டி எது மெத்துன்னு மட்டும்தான் அது சொல்லும். கட்டிய மட்டும் டைட்டா வளைச்சுப் போட்டா ஒப்பிட ஆளே இல்ல, அதனால கல்லு மாதிரி இருக்கிற ட்யூமர்ல கூட பச்சை கலந்து வரும். பாக்ஸ்ல குறைஞ்சது பாதியாவது சுத்தி இருக்கிற திசு இருக்கணும். அதே சமயம் பெரிய ரத்தக்குழாய், நீர்க்கட்டி, எலும்பு இதெல்லாம் உள்ள வராம பாத்துக்கோங்க. சுமார் 35 மில்லிமீட்டருக்கு மேல போன கட்டிய இப்படி முழுசா அடக்குறது கஷ்டம், அங்க வர்ற நம்பர நான் ரொம்ப நம்ப மாட்டேன்.

அப்புறம் அழுத்தம். ஸ்கோப் நுனி சுவர தொட்டுக்கிட்டு இருந்தா போதும், குத்தக்கூடாது. ஒரு தடவ எங்க யூனிட்ல கத்துக்க வந்த ஒரு தம்பி கணையத்தோட தலைப்பகுதில ஒரு மாஸ (கட்டிய) காட்டி "சார், ஃபுல் ப்ளூ"ன்னாரு. ஸ்கோப் நுனிய திருப்புற வீல பாத்தா முழுசா மேல திருப்பி வச்சிருக்காரு, புரோப் டியோடினச் (சிறுகுடல் தொடக்கத்தோட) சுவர நசுக்கிக்கிட்டு நிக்குது. லேசா விடச் சொன்னேன், ரெண்டு மூணு துடிப்புல ஓரத்துலேந்து பச்சை உள்ள வர ஆரம்பிச்சுது, கடைசில நீலமும் பச்சையும் கலந்த ஒரு தேன்கூடு மாதிரி நின்னுச்சு. ஏற்கனவே நசுங்கிக் கெடக்கிற திசு இன்னும் எங்க போய் நசுங்கும், அதான் நீலமா காட்டிச்சு. படம் சில செகண்டாவது ஆடாம நிக்கட்டும், குவாலிட்டி இண்டிகேட்டர் இருந்தா அதையும் பாருங்க, அப்புறம் ஃப்ரீஸ் பண்ணுங்க.

கலருக்கு வருவோம். பரவலா பழகின செட்டிங்ல நீலம் கெட்டி, சிவப்பு மெத்து, பச்சை நடுவுல. சில மெஷின்ல இது தலைகீழா இருக்கும், ஸ்க்ரீன் ஓரத்துல இருக்கிற கலர் பார பாக்காம வாய தொறக்காதீங்க. 2006-ல ஜியோவான்னினி டீம் 5 படியா ஒரு ஸ்கோர் போட்டாங்க. 1 ஒரே சீரான பச்சை, அது நார்மல். 2 மெத்துதான் ஆனா கலர் கலவையா, அழற்சி பக்கம். 4-ம் 5-ம் நீலம் ஓங்கி நிக்கிறது, அது ட்யூமர் பக்கம். 3 தேன்கூடு, ஸ்கோரே முடிவு சொல்லாம கைய விரிக்கிற இடம், நம்ம தம்பி கேஸ் மாதிரி.

நம்பர் வேணும்னா ஸ்ட்ரெயின் ரேஷியோ, அதாவது கட்டிய விட மெத்துனு இருக்கிற இடம் எத்தன மடங்கு நசுங்குதுங்கிற கணக்கு. கட்டில எவ்வளவு பெரிய வட்டம் போட முடியுமோ அத ஏ, கணையத்துக்கு வெளில மெத்துனு இருக்கிற ரெஃபரன்ஸ் இடத்த பி, பி-ய ஏ-வால வகுத்தா ரேஷியோ. 3 தடவ எடுத்து சராசரி போடுங்க. 2010-ல இக்லேசியாஸ் கார்சியா குழு 86 பேர்கிட்ட பாத்ததுல நார்மல் கணையம் சராசரி 1.68, அழற்சி மாஸ் 3.28, அடினோகார்சினோமா (கணையக் கேன்சர்ல அதிகம் வர்ற வகை) 18.12, நியூரோஎண்டோக்ரைன் ட்யூமர் (ஹார்மோன் செல்லுலேந்து வர்ற கட்டி) 52.34. கட் ஆஃப் 6.04, அதுக்கு மேல போனா கேன்சர் பக்கம். இத மனப்பாடம் பண்ணி எல்லா மெஷின்லயும் போடாதீங்க, பி வட்டம் கொழுப்புல ஒரு இடத்துலேந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்தாலே ரேஷியோ மாறிடும். முதல் அளவு 5, அடுத்தது 14ன்னு வந்தா சராசரி போட்டு என்ன பிரயோஜனம், டெக்னிக்க சரி பண்ணுங்க.

இப்ப முக்கியமான விஷயம். அடினோகார்சினோமா கெட்டியா இருக்கிறதுக்குக் காரணம் அத சுத்தி மண்டுற நார்த்திசு. நாள்பட்ட கணைய அழற்சிலயும் அதே நார்த்திசுதான், கூட கால்சியம் வேற. ரெண்டும் நீலமா வந்தா மெஷின் மேல தப்பு சொல்ல முடியாது. அதனால நான் நீலத்த விட பச்சையத்தான் அதிகம் நம்புறேன். 2018-ல வந்த ஒரு ஸ்டடி, 15 மில்லிமீட்டரும் அதுக்குக் கீழயும் இருக்கிற சின்ன லீஷன் 218 பேருக்கு பாத்தாங்க, மெத்துனு இருந்தா டக்டல் அடினோகார்சினோமா இல்லங்கிறது 98 சதவீதம் சரியா இருந்துச்சு. கெட்டியா இருந்ததுல பாதிக்கும் மேல அந்த கேன்சரே இல்ல.

ஆட்டோஇம்யூன் பேங்க்ரியாடைட்டிஸ், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்த தாக்குற அழற்சி, தனி கதை. அங்க மாஸ் மட்டும் இல்ல, தள்ளி இருக்கிற நல்லதுன்னு நெனச்ச கணையமும் சேந்து நீலமா இருக்கும். கேன்சர்ல நீலம் பெரும்பாலும் கட்டியோட நின்னுடும். அதனால மாஸ் தலைல இருந்தாலும் உடம்பு, வால் பகுதிலயும் கலர் போட்டுப் பாருங்க, சந்தேகம் வந்தா அந்த அழற்சிக்கான ரத்த டெஸ்ட் ஐஜிஜி4 அனுப்புங்க. இந்த ஒரு பழக்கம் தேவையில்லாத பெரிய ஆபரேஷன தவிர்க்க உதவும்.

எலாஸ்டோ எப்படி வந்தாலும் பயாப்ஸிக்கு அது மாத்து கிடையாது. கெட்டியா இருந்தா ஊசி போடுங்க, எங்க ரொம்ப கெட்டியோ அங்க குறி வைங்க. பயாப்ஸி நெகட்டிவ், ஆனா படம் நீலம், டக்ட் திடீர்னு அறுந்த மாதிரி நிக்குதுன்னா நெகட்டிவ்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க, திரும்ப எடுங்க, அழற்சி இருக்கிற கணையத்துல ஊசி கேன்சர தவற விடுறது சகஜம். காண்ட்ராஸ்ட் (ரத்தத்துல ஏத்தி படத்துல பாக்கிற மருந்து) இருந்தா அதையும் போடுங்க, அடினோகார்சினோமா பொதுவா சுத்தி இருக்கிற திசுவ விட கம்மியா ஏத்துக்கும், அழற்சி மாஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏத்துக்கும்.

ரிப்போர்ட்ல "எலாஸ்டோ பாசிட்டிவ்"னு ஒத்த வார்த்தைல முடிக்காதீங்க. ஸ்கோர் எத்தன, ரெஃபரன்ஸ் எங்க எடுத்தீங்க, 3 ரேஷியோவும் தனித்தனியா என்ன, மிச்ச கணையம் என்ன கலர்னு எழுதுங்க, மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாக்கிற ஆளு நீங்களா இருக்கணும்னு இல்ல.