கடற்கரையில் கல்யாணமா? விடியற்காலையில் வையுங்கள்

கடற்கரைக் கல்யாணம் என்றதும் பலர் கேட்பது, சூரியன் கடலில் இறங்கும்போது தாலி கட்ட வேண்டும் என்பது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அது நடக்காது. இது கிழக்குக் கரை, நமக்குச் சூரியன் கடலிலிருந்து ஏறி ஊர்ப்பக்கம் இறங்கும். அதனால் முகூர்த்தத்தை விடியலுக்கு வையுங்கள். தை மாதத்தில் சுமார் ஆறரை மணிக்கு உதயம், சித்திரையில் ஆறு மணிக்கு முன்பே. ஆறிலிருந்து ஏழரைக்குள் ஒரு முகூர்த்தம் கிடைக்குமா என்று ஜோசியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உதயம் அழகு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, காற்றுக்காகவும்தான். விடியலில் காற்று பெரும்பாலும் லேசாக இருக்கும், பல நாட்களில் தரையிலிருந்து கடலை நோக்கியே வீசும். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் ஹோமப் புகை கடல் பக்கம் போய்விடும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடல்காற்று கிளம்பும், அப்போது அதே புகை நேராகப் பொண்ணு மாப்பிள்ளை கண்ணுக்குள் வரும். குத்துவிளக்கு அணையும், அட்சதை பறக்கும், நாதஸ்வரம் பின்வரிசைக்கு ஒழுங்காகக் கேட்காது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் கடைசி நாளில்தான் கவனிக்கிறார்கள். மணமக்கள் கிழக்கு பார்த்தால் கடலைப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு எதிரே நாற்காலி போட்டால் விருந்தினர் அத்தனை பேருக்கும் கடல் முதுகுப் பக்கம் போய்விடும். படத்திலும் மணமக்களுக்குப் பின்னால் சவுக்குத் தோப்புதான் இருக்கும். என் தங்கை கல்யாணத்தில் நாற்காலிகளை வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டு, கடல் பக்கத்தைத் திறந்து விட்டோம். எல்லோருக்கும் மணமேடையும் தெரிந்தது, கடலும் தெரிந்தது, காலை வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. போட்டோ எடுப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேதி விஷயத்தில் ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே. தையும் பங்குனியும் நல்லது. மாசியும் நல்லதுதான், ஆனால் மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், கடற்கரை முழுக்க ஜனம். அன்று மட்டும் தவிருங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது பௌர்ணமி அல்லது அமாவாசை அன்று போங்கள், அன்றுதான் அலை அதிகம் ஏறும். ஈரம் எதுவரை வந்திருக்கிறதோ அந்தக் கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி மேடை போடுங்கள்.

அப்புறம் அனுமதி. கடலூர் என்றால் மாநகராட்சி, புதுச்சேரி என்றால் இடத்தைப் பொறுத்து நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து, மைக்குக்குக் காவல் நிலையம். செரினிட்டி பீச் பக்கம் பார்ப்பவர்கள் கவனியுங்கள், அது இருக்கும் தந்திராயன்குப்பம் விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரியில் மனு கொடுத்துப் பயனில்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருப்பதால் சிமென்ட் போட்டு எதையும் கட்டக்கூடாது, பிரித்து எடுக்கும் பந்தல்தான். ரிசார்ட் பிடித்தால் பாதி வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், செலவு கூடும்.

ஆனால் இந்தக் காகிதங்களுக்கெல்லாம் முன்னால் அந்தக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தைப் போய்ப் பாருங்கள். வெற்றிலை பாக்கு தட்டோடு, வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். விடியற்காலை அவர்களுக்கு வேலை நேரம், படகு கரையேறும், மீன் ஏலம் நடக்கும், சில இடங்களில் கரைவலை இழுப்பார்கள். எந்த இடம் படகு ஏறும் வழி, எது சும்மா கிடக்கும் மணல் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். நாங்கள் முதலில் குறித்து வைத்திருந்த இடம் வலை காயப்போடும் இடம். பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வந்து இருநூறு அடி தள்ளி வேறு இடம் காட்டினார், அது இன்னும் நன்றாகவே இருந்தது. அவர்கள் வீட்டுக்கும் பத்திரிகை வையுங்கள்.

மணல் நம்மைப் படுத்தும். பந்தல் கழியை மூன்றடியாவது இறக்கி, கயிற்றை மணல் மூட்டையில் கட்டச் சொல்லுங்கள். மேடைக்குக் கீழே பிளைவுட் பலகை வேண்டும், அம்மிக்குக் கீழேயும் வேண்டும், இல்லையென்றால் பொண்ணு கால் வைத்ததும் அம்மி ஒரு பக்கம் சாயும். மெட்டி போடும் இடத்தில் ஜமக்காளம் விரியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மெட்டி கை தவறி மணலில் விழுந்து, அத்தை மாவுச் சல்லடை வாங்கி வரச் சொல்லி அரை மணி நேரம் சலித்துத்தான் எடுத்தார். தாலித் தட்டை மணலுக்கு மேல் நீட்டிச் சுற்றவே விடாதீர்கள். வயசானவர்களுக்காக ரோட்டிலிருந்து மேடை வரை தென்னை நார் விரிப்பு போட்டால் நடக்கலாம், சக்கர நாற்காலி வருமென்றால் அதற்கும் பலகைதான்.

சாப்பாட்டைக் கடற்கரையில் போடாதீர்கள். சாம்பாரில் மணல் விழுந்தால் அந்தப் பந்தியே வீண். பக்கத்தில் ஒரு சின்ன மண்டபமோ பள்ளிக்கூட ஹாலோ பிடித்து, எட்டு மணிக்கு இலை போட்டுவிடலாம்.

ரிசப்ஷன் மாலையில் வேண்டும் என்றால் பௌர்ணமி பாருங்கள், இந்தப் பக்கம் வெயில் சாயும் நேரத்தில் அந்தப் பக்கம் கடலிலிருந்து நிலா ஏறும். பத்து மணிக்கு மைக் நிறுத்தியாக வேண்டும். தையிலிருந்து பங்குனி வரை, பங்குனி ஆமை என்று சொல்லும் கடலாமை முட்டையிட இந்தக் கரைக்கு ஏறும், வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும், குஞ்சுகளோ விளக்கு இருக்கும் பக்கம் தவழ்ந்து வழி தவறும். அதனால் கடலைப் பார்த்து ஃபோகஸ் லைட் வேண்டாம், இருப்பதைத் தாழ்வாக ஊர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் நீச்சல் தெரிந்த இரண்டு பேரை நிறுத்துங்கள், வேறு எந்த வேலையும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் கழி பிடுங்கிய குழிகளை மூடிவிட்டுக் கிளம்புங்கள், மறுநாள் இருட்டில் படகு தள்ள வருபவர்கள் கால் அதில்தான் இறங்கும்.