ஸ்கூல் போர்டுக்கு நிற்கும் நடுநிலைக்காரர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் துண்டறிக்கையைக் கொண்டுவந்து எங்கள் சமையலறை மேசையில் வைத்தார். மத்திய நியூ ஜெர்சியில் எங்கள் ஊரில் ஸ்கூல் போர்டுக்கு, அதாவது ஊர்ப் பள்ளிகளின் கொள்கையையும் பட்ஜெட்டையும் முடிவுசெய்யும், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு, முதல் முறையாக நிற்கிறார். நல்ல பிள்ளை. இரண்டு குழந்தைகள் இங்கேதான் படிக்கிறார்கள், மூன்று வருடமாகப் போர்டு கூட்டம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. துண்டறிக்கையில் மேலே குடும்பப் படம், கீழே "எல்லோருக்கும் பொதுவானவர்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எனக்குச் சுரீரென்றது. நான் முதல் தடவை நின்று தோற்றபோது அச்சடித்த அட்டையிலும் ஏறக்குறைய இதே வரிதான் இருந்தது.

அடுத்த முறை ஜெயித்து மூன்று வருடம் போர்டில் இருந்தேன். அதிலிருந்து புதிதாக நிற்பவர்கள் வந்து பேசுகிறார்கள். நான் விழுந்த குழியில்தான் அவர்களும் விழுகிறார்கள். எழுத்துப்பிழை பாருங்கள், வீடு வீடாகப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நம்மவர்கள் ஓட்டு போதும் என்று இருப்பது

தமிழ்ப் பள்ளி வாட்ஸாப் குழுவில் எல்லோரும் கைகூப்பி "வாழ்த்துகள் அண்ணா" என்று போடுவார்கள். அதில் பாதிப் பேர் எச்1பி, மீதியில் பலர் கிரீன் கார்டு. குடியுரிமை இல்லாமல் ஓட்டு கிடையாது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை வாங்கி, நம் ஆட்களை அதில் ஒவ்வொருவராகத் தேடிப் பாருங்கள். நான் அதைச் செய்தது அக்டோபரில். தெரிந்தவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைகளிலேயே மூன்று மாதத்தைக் கழித்துவிட்டிருந்தேன்.

தேர்தல் நவம்பரில். அக்டோபர் என்பதே தாமதம். தபால் ஓட்டுச்சீட்டுகள் தேர்தலுக்கு 45 நாள் முன்பே வீடுகளுக்குக் கிளம்பிவிடும். 2021 முதல் ஒன்பது நாள் முன்கூட்டியே நேரில் வாக்களிக்கவும் வசதி இருக்கிறது. செப்டம்பர் பாதியில் உங்கள் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று பதில் சொல்வது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

இந்தத் தேர்தலில் கட்சிப் பெயர் கிடையாது. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு இது பழைய ஸ்கூல் போர்டு இல்லை. முதலில் மாஸ்க், அப்புறம் நூலகப் புத்தகங்கள், அப்புறம் பால் அடையாளத்தை மாற்றிக்கொள்ளும் மாணவரைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி. 2023 ஜூனில் மான்மத் கவுண்டியில் மார்ல்பரோ, மிடில்டவுன், மனலாப்பன் போர்டுகள் இந்தக் கடைசி விஷயத்தில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று எடுத்த முடிவை எதிர்த்து, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட்டார். இரண்டு பக்கமும் கொதிக்கிறது, நாம் நடுவில் நின்றால் எல்லோரும் நம்மை நம்புவார்கள் என்று கணக்குப் போடத் தோன்றும். நானும் போட்டேன்.

வேட்பாளர் கூட்டம் ஊர் நூலகத்து ஹாலில் நடந்தது. ஆளுக்கு 90 விநாடி. ஒரு புத்தகத்தை உயர்நிலைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லி சிலர் கேட்டிருந்த நேரம் அது. என் முறை வந்தது. "பெற்றோரின் கவலையில் நியாயம் இருக்கிறது. நூலகர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்" என்றேன். கைதட்டல்கூட வந்தது. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ் அம்மா கைக்குழந்தையோடு வந்தார். "அண்ணா, நல்லாப் பேசினீங்க. ஆனா அந்தப் புத்தகம் இருக்குமா, எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். என்னிடம் பதில் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மதில் மேல் பூனை என்று அவர் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

112 ஓட்டில் இடம் போனது. எப்படிப் போனது என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் போர்டில் ஒன்பது பேர். ஆண்டுக்கு மூன்று இடம் காலியாகும், ஒரு வாக்காளர் மூன்று பேருக்கு ஓட்டுப் போடலாம். போடலாம் என்றுதான் விதி, கட்டாயமில்லை. இரண்டு முனையிலும் இருப்பவர்கள் தங்கள் ஆளுக்கு மட்டும் போட்டுவிட்டு மீதிக் கட்டங்களைக் காலியாக விடுவார்கள். ஓட்டுச்சீட்டின் கடைசிவரை போகாமலே விடுகிறவர்கள் வேறு. எல்லோருடைய மனதிலும் நான் மூன்றாவது ஆள், யாருக்கும் முதல் ஆள் இல்லை. அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் தொடவேயில்லை.

அதோடு, நடுநிலை என்றால் என்ன என்பதையே நான் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு பக்கத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொண்டிருந்தேன். போர்டு உறுப்பினரால் அப்படி வகுக்க முடியாது. பெயர் கூப்பிடுவார்கள், ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். ஒரு கேள்வியில் நீங்கள் முழுக்க இந்தப் பக்கம் இருக்கலாம், இன்னொன்றில் முழுக்க அந்தப் பக்கம். உங்கள் கட்சிக்காரர் கையைப் பார்த்து நீங்கள் கை தூக்க மாட்டீர்கள் என்பதில்தான் நடுநிலை இருக்கிறது.

அடுத்த முறை அதே ஹாலில் அதே மாதிரிக் கேள்வி வந்தது. இந்தத் தடவை நான் எங்கள் பள்ளி மாவட்டத்தின் நூலகப் புத்தகக் கொள்கையை வரி வரியாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன். "என் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் என்று நூலகரிடம் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. புகார் எழுத்தில் வரட்டும், குழு முழுப் புத்தகத்தையும் படிக்கட்டும், முடிவு வரும்வரை அது அலமாரியில் இருக்கட்டும். இதற்கு மாறாக ஒரு தீர்மானம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்" என்றேன். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்புறம், புத்தகத்தை எடுக்கச் சொல்லும் தரப்பைச் சேர்ந்த ஒரு அப்பா வந்து அந்தப் புகார்ப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அவர் போனிலேயே தேடி எடுத்துக் காட்டினேன். அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை, ஆனால் நான் எங்கே நிற்கிறேன் என்பதில் சந்தேகம் இல்லை.

இப்போது இது இன்னும் எளிது. 2024 டிசம்பரில் கவர்னர் மர்பி கையெழுத்திட்ட சட்டத்தின்படி, புத்தகத்தை நீக்கக் கோரி வரும் புகாரை எப்படி விசாரிப்பது என்று ஒவ்வொரு போர்டும் எழுத்தில் கொள்கை வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊர் கொள்கையைப் படியுங்கள். சூடான கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று விதி என்ன சொல்கிறது, தீர்மானம் வந்தால் என் ஓட்டு எது. இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. மேடைக்குப் போகும் முன் முடித்துவிடுங்கள், தயவுசெய்து.

வாக்குறுதி கொடுப்பது

"அந்த விளையாட்டுக் கோச்சை மாற்றிவிடுகிறேன்", "என் பையன் பஸ் நிறுத்தம் மாதிரி உங்களுடையதையும் பார்த்துத் தருகிறேன்" என்று வாசலில் நின்று சொல்லாதீர்கள். ஒன்பதில் நீங்கள் ஒரு ஓட்டு. பள்ளியை நடத்துவது போர்டு நியமிக்கும் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட். போர்டு உறுப்பினர் தனிப்பட்ட வாக்குறுதி தரக் கூடாது என்று மாநில நெறிமுறையிலேயே இருக்கிறது. ஜெயித்த பிறகு அதே வாசலில் அதே ஆளைப் பார்க்க வேண்டிவரும்.

சொத்து வரி

உங்கள் ஊர் பட்ஜெட் எண்கள் தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். பள்ளிக்கான சொத்து வரி வசூல் உயர்வுக்கு ஆண்டுக்கு 2 சதவீத உச்சவரம்பு என்றால் என்ன, நவம்பரில் தேர்தல் நடத்தும் ஊர்களில் அதற்குள் அடங்கும் பட்ஜெட் ஏன் மக்கள் வாக்கெடுப்புக்கு வருவதில்லை என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்.

ஃபேஸ்புக்

இரவு பத்து மணிக்கு மேல் பதில் எழுதாதீர்கள்.

கேட்காமல் அணி சேர்வது

மூன்று பேராகச் சேர்ந்து நின்றால் செலவு குறையும். ஆனால் கூட நிற்பவரின் பழைய பதிவுகள் எல்லாம் உங்கள் பதிவுகளாகிவிடும். முதலில் படித்துப் பாருங்கள்.

தோற்றதும் காணாமல் போவது

நான் அந்த நவம்பர் கூட்டத்துக்குப் போகவில்லை, டிசம்பருக்கும் போகவில்லை. பிப்ரவரியில் ஒரு உறுப்பினர் ஊர் மாறிப் போனார். அப்படிக் காலியாகும் இடத்தைப் போர்டே 65 நாளுக்குள் நியமனம் செய்து நிரப்பலாம். விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்தபோது கடைசித் தேதி போய் நான்கு நாள் ஆகியிருந்தது.